சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

என் வீட்டுக்காரர் கட்டிய வண்டிக்குச் சக்கரம் கிடையாது. எல்லா வம்பும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. நாலு சக்கரம் இருந்திருந்தால் மோட்டார் வண்டி ஆபீசில் ஒரு நம்பரைக் கொடுத்துத் தொலைத்திருப்பார்கள். நானும் நிம்மதியாகத் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். பின்னால் நல்ல விசாலமான மண்தரை, ஒரு ரம்புத்தான் மரம், கோழிக்கூண்டு, வேலிக்கு அந்தப் பக்கம், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அம்மாளின் வீடு. என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர். இந்தியாவில், ஊரில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்து, தோட்டத்தில் பால் மரம் சீவி, அங்கிருந்த ரப்பர் ஆலை எஞ்சினைப் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் வீட்டில் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இரண்டு அடையாளக் கார்டுகள் இருந்தன. மலாக்காவிலேயே பிறந்த எனக்கு நீலம். அவருக்குச் சிவப்பு, அதாவது பிரஜை இல்லை. நாடு சுதந்திரம் அடைந்த புதிதில், ஒரு வருஷத்துக்குள் போனால் மலாய் மொழிப் பரீட்சை இல்லாமலே பிரஜையாகப் பதிந்துகொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நான் தினமும் சொன்னேன். "இந்த வண்டி வேலை முடியட்டும், அந்த வண்டி வேலை முடியட்டும்" என்று நாளைக் கடத்தினார். வருஷம் போயே போய்விட்டது. சிவப்புக் கார்டுக்காரர்களுக்கு நாளைக்கு வேலை இருக்குமோ, கப்பலேற்றி விடுவார்களோ என்று பட்டறையில் பேச்சு கிளம்பிய பிறகுதான் ஐயாவுக்கு உறைத்தது. ஊரில் அவருக்கு யாரும் உயிரோடு இல்லை. கப்பலேற்றினால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்?

கடைசியில் மனுப் போட்டோம். நன்னடத்தைக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், வாங்கினோம். போலீஸ் கேஸ் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று நானே அழுத்தமாக எழுதினேன். இனி நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். மலாயில் கேட்பார்கள், மலாயில் பதில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவர் பேரில் ஒரு சைக்கிள் விளக்குக் கேஸ்கூட இருக்கக் கூடாது.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆசை வந்தது.

பட்டறையிலிருந்து சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு கட்டுப் பத்திரிகைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் ஒன்றில் ஒரு படம்: காற்றை அடியில் ஊதி, அந்தக் காற்றின் மேலேயே மிதந்து கடலைத் தாண்டுகிற ஒரு யந்திரம். நான் கான்வெண்டில் ஏழாவது வரை படித்தவள். ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லச் சொன்னார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொன்னாலும் காதில் விழவில்லை.

"தண்ணியிலயும் போவும், சேத்துலயும் போவுமா?" என்றார்.

"போவுமாம். மனுசன் புத்தி எங்கெங்கயோ போவுது. நீங்க சாப்பிடுங்க."

சேறு என்றதும் அவர் மனசு தெங்கேராக் கடற்கரைக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மீனவர்களின் படகு எஞ்சின்களை ரிப்பேர் செய்து கொடுப்பார். அங்கே கடல் வற்றினால் கண்ணுக்கெட்டின தூரம் சேறுதான். படகு கரைக்கு வர முடியாது, தண்ணீர் ஏறும்வரை மீனோடு வெளியே கிடக்க வேண்டும். வெயிலில் மீன் கெட்டுப்போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆற்றாமை. அடுத்த வாரமே பட்டறையில் கழித்துப்போட்ட பலகைகள் வந்து இறங்கின. பிறகு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின். பிறகு பஸ் சீட்டிலிருந்து கழற்றிய ரெக்சின் துணி. அதை வண்டியின் அடியைச் சுற்றிப் பாவாடை மாதிரி தைக்க வேண்டும் என்றார். தைத்தது யார்? வேறு யார், நான்தான். திட்டிக்கொண்டே தைத்தேன்.

முன்பக்கம் வட்டமாக ஒரு பெரிய ஓட்டை. அதற்குள் மரத்தில் செதுக்கிய காற்றாடி. அது முன்னாலிருந்து காற்றை உறிஞ்சும். பாதிக் காற்று அடியில் போய் வண்டியைத் தூக்கும், மீதி பின்னால் போய்த் தள்ளும். அவருக்கு உட்கார ஒரு தேயிலைப் பெட்டி. பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்தால் தொப்பென்று உட்காரும்.

முதல் முறை எஞ்சினைக் கிளப்பிய அன்று வெயில் காலம். முற்றத்துப் புழுதி மொத்தமும் எழுந்து வேலி தாண்டி, அக்கா துவைத்துக் காயப்போட்டிருந்த பாத்தேக் சாரோங் கைலி அத்தனையிலும் போய் அப்பியது. கோழிகள் ரம்புத்தான் மரத்தில் ஏறின. மூன்று நாள் முட்டை இல்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மலாக்கா செட்டிக் குடும்பம். எப்போதோ வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம், தலைமுறை தலைமுறையாக இந்த ஊர். மலாய்க்காரர்கள் மாதிரி சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்துவார், நெற்றியில் விபூதி இருக்கும், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார், வாயைத் திறந்தால் மலாய்தான். தமிழில் அக்கா, பூசை என்று நாலைந்து வார்த்தை வரும். புழுதியைப் பார்த்துச் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்தவர் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இது என்ன, எப்படிப் பறக்கும், காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று என் வீட்டுக்காரரை மலாயில் குடைந்தெடுத்தார். இவரும் தெரிந்த சந்தை மலாயில், தெரியாததற்குக் கையைக் காட்டிப் பதில் சொன்னார். அது தினமும் நடந்தது. சாயங்காலம் வேலியோரம் நின்று அவர் கேட்பார், தப்பாகச் சொன்னால் திருத்துவார், சரியாகச் சொல்லும்வரை விடமாட்டார். எனக்குக் காது புளித்துவிட்டது.

சத்தம் கேட்டு யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஒரு நாள் சைக்கிளில் போலீஸ்காரர் வந்துவிட்டார். அவர் நல்ல மனிதர். வண்டியின் அடியில் குனிந்து பார்த்து, "ரோடா இல்லையே" என்றார். சக்கரத்தைத்தான் மலாயில் ரோடா என்பார்கள். சக்கரம் இல்லாததற்கு என்ன கேஸ் எழுதுவது என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில், "உன் வேலிக்குள் உன் இஷ்டம். வேலி தாண்டினால் லைசென்ஸ் வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் லைசென்ஸ், லைசென்ஸ் என்று பிடித்துக்கொண்டார். "லைசென்ஸ் இல்லாம ஒரு அடி வெளிய எடுக்க மாட்டேன். கேஸு கீஸு ஆனா நம்ம மனு அவ்வளவுதான்."

"அப்ப எதுக்குங்க இந்த எழவு? பேசாம பிரிச்சுப் போடுங்க."

"நீ இங்கிலீசுல ஒரு கடுதாசி போடு. கேக்குறதுல என்னா தப்பு?"

போட்டேன். முதலில் மோட்டார் வண்டி ஆபீசுக்கு. ஒரு பாரம் வந்தது. சக்கரங்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் சைபர் என்று எழுதி அனுப்பினேன். சக்கரம் இல்லாததை மோட்டார் வண்டியாகக் கொள்ள வழியில்லை, தரையைத் தொடாமல் போவதாகச் சொல்வதால் விமானத்துக்கான ஆபீசைக் கேட்கவும் என்று பதில். அவர்களைக் கேட்டேன். எவ்வளவு உயரம் பறக்கும் என்றார்கள். ஒரு சாண் என்பதை இங்கிலீஷில் அங்குலமாக்கி எழுதினேன். அந்த உயரத்தில் போவதை விமானம் என்று சொல்ல இயலவில்லை, தண்ணீர் மேல் போவதென்றால் துறைமுக ஆபீஸ்தான் சரி என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். மூன்று கடுதாசி, மூன்று ஆபீஸ். வண்டியும் இல்லை, விமானமும் இல்லை, கப்பலா என்பது சந்தேகம். ஆனால் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அது மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது!

"என்னைய மாதிரியே இருக்கு இது," என்றார் என் வீட்டுக்காரர். "அந்த ஊருக்கும் இல்ல, இந்த ஊருக்கும் இல்ல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் அந்த வண்டியைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

துறைமுக ஆபீஸ் மட்டும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு அதிகாரி நேரில் பார்ப்பார், இன்ன நாள் கடல் வற்றும் நேரத்தில் தெங்கேராக் கரைக்குக் கொண்டுவரவும் என்று எழுதினார்கள். அதே வாரம் இன்னொரு கடுதாசியும் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பிரஜா உரிமை நேர்முகம். இரண்டையும் சாமி படத்துக்கு அடியில் வைத்தேன்.

சோதனை நாளன்று லோரியில் வண்டியை ஏற்றித் தெங்கேராவுக்குப் போனோம். மீனவர்கள் கூடிவிட்டார்கள். அதிகாரி வருவதற்குள் பூசை போட்டுவிட வேண்டும் என்று அக்காவும் நானும் முந்திக்கொண்டோம். புது வண்டியைப் பூசை போடாமல் யாராவது எடுப்பார்களா? பஸ் கம்பெனியில் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மாலை கட்டிக் கொடுப்பது நான்தான். பஸ்ஸின் மூஞ்சியில் மாலையைப் போட்டு, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நகர்த்தி நசுக்கி, திருஷ்டி கழிப்போம். இங்கேயும் நாலு பழம் கொண்டு போயிருந்தேன். போன பிறகுதான், எதற்கடியில் வைப்பது என்று கையில் பழத்தோடு முழித்தேன்.

"பாவாடைக்கு அடியில் வை," என்றார் அக்கா மலாயில். "மேலே ஏறிவிட்டுத் திரும்பி உட்காரும்போது நசுங்கும்."

அதுவும் சரிதான். நாலு மூலையிலும் செருகினேன். பிறகு சாமந்தியும் மல்லிகையும் வைத்துக் கட்டிய தடிமனான மாலையை அந்த முன்பக்க ஓட்டையைச் சுற்றிப் போட்டேன். அதுதானே அதன் மூஞ்சி. கற்பூரம் காட்டினோம். பார்க்க லட்சணமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரர் பார்த்ததும் சொன்னார். "மாலைய கழட்டிடும்மா. காத்து இழுக்கும்."

"என்னங்க பேசுறீங்க? ஓடுறதுக்கு முன்னாடி மாலைய கழட்டுவாங்களா யாராச்சும்? பஸ்ஸுல போட்டா மூணு நாளு தொங்குது."

"பஸ்ஸு வேற, இது வேற."

"நல்ல காரியத்துல அபசகுனமா பேசாதீங்க. நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன். ஒண்ணும் ஆவாது."

அதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது. ஆள் முன்னால் பெண்டாட்டியோடு சண்டை போட அவருக்கு வராது. விட்டுவிட்டார்.

அதிகாரி வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை, நீளக் காலுறை. வண்டியைச் சுற்றி வந்து, மாலையைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டிக் காட்டு" என்றார். எஞ்சின் கிளம்பியது. பாவாடை உப்பியது. அடியிலிருந்து வந்த காற்றில் நாலு எலுமிச்சம்பழமும் நாலு பக்கமும் பாய்ந்தன. ஒன்று நேராகப் போய் அதிகாரியின் முழங்காலில் பட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் குனிந்து பழத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பாவம், எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

வண்டி எழும்பியது. ஆமாம், ஒரு சாண்தான். கரையிலிருந்து சறுக்கிச் சேற்றின் மேல் போனது. சேற்றில் ஒரு தடம்கூட விழவில்லை. மீனவர்கள் கூவினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு "பறக்குது, பறக்குது" என்று மலாயில் கத்தினார். தேயிலைப் பெட்டி மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்போது மாலை அறுந்தது. ஒரு முனை ஓட்டைக்குள் போனதைப் பார்த்தேன். மீதியும் பின்னாலேயே போனது. பெரிய சத்தம். காற்றாடி உடைந்து சிம்பு சிம்பாகத் தெறித்தது. வண்டி தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் தன் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவர் சட்டையில் சிவப்பு. சேறு முழுக்கச் சாமந்தி இதழ்.

மீனவர்கள்தான் சேற்றில் இறங்கி அவரையும் வண்டியையும் இழுத்து வந்தார்கள். முழங்கைக்குக் கீழே நீளமான வெட்டு. நான் என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். அதிகாரி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் அடையாளக் கார்டைக் கேட்டார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதிகாரி சிவப்புக் கார்டைத் திருப்பிப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டார். "நான் ரிப்போர்ட் எழுத வேண்டும். ஆளுக்குக் காயம் பட்டிருக்கிறது" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஆறு தையல். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷம் ஒரு வம்புக்கும் போகாத மனுஷன். நாலு முழம் பூவை வைத்து நானே அவர் பேரை ரிப்போர்ட்டில் ஏற்றிவிட்டேன். சொன்னாரே, காற்று இழுக்கும் என்று சொன்னாரே! எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காப்பி குடிக்கிறியா?" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை கையில் கட்டோடு நேர்முகத்துக்குப் போனோம். என்னை உள்ளே விடவில்லை. ஆனால் கதவு பாதிக் கதவு, உள்ளே பேசுவது பெஞ்சில் கேட்கும். ஒரு வாரமாகப் பதில்களை மனப்பாடம் செய்திருந்தார். பேர், வயது, வேலை வரைக்கும் ஓடியது. நாட்டைப் பற்றி ஏதோ கேட்டார்கள். திக்கினார். இன்னொன்று கேட்டார்கள். அதற்கும் திக்கினார்.

பிறகு காகிதம் புரட்டும் ஓசை. "துறைமுகத்திலிருந்து ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. இது என்ன யந்திரம்?" என்று கேட்டார் நேர்முக அதிகாரி.

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். மலாயில். முதலில் மெதுவாக, பிறகு நிற்காமல். காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, பாவாடை எதற்கு, சேற்றில் ஏன் புதையாது, தெங்கேராவில் மீன் ஏன் கெட்டுப்போகிறது, எல்லாம். அத்தனையும் அக்கா வேலியோரம் நின்று கேட்டுக் கேட்டுத் திருத்திய வார்த்தைகள். ஒரு காகிதம் தாருங்கள் என்று வாங்கிப் படம் போட்டுக் காட்டினார் போலிருக்கிறது. அதிகாரி இடையில் கேள்வி கேட்டார், இவர் பதில் சொன்னார். அந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"அப்புறம் ஏன் உடைந்தது?" என்றார் அதிகாரி.

நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து கதவுப் பக்கம் காதைக் கொடுத்தேன்.

"சாலா சாயா, துவான்," என்றார் என் வீட்டுக்காரர். தப்பு என்னுடையது ஐயா. "பூவை எடுக்க மறந்துவிட்டேன்."

"பூவா?"

"பூதான்."

உள்ளே அதிகாரி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த சீன அம்மா என்னவோ ஏதோ என்று எனக்கு விசிறிவிட்டார்.

சில மாதம் கழித்துச் சத்தியப் பிரமாணம் எடுத்து, நீலக் கார்டு வாங்கி வந்தார். பிஸ்கட் டின்னில் இரண்டும் நீலம். அக்கா புலுட் என்கிற ஒட்டும் அரிசியில் பலகாரம் செய்து கொண்டுவந்தார். அதே மாதம் துறைமுக ஆபீஸின் பதிலும் வந்தது. இந்த மாதிரி யந்திரத்தைப் பதிய இப்போதைக்குச் சட்டத்தில் இடமில்லை, இடம் வரும்வரை கடலில் ஓட்டலாகாது. நான் வாசித்துச் சொன்னேன். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. அவர் அதற்குள் புதுக் காற்றாடிகூடச் செதுக்கி வைத்திருந்தார்.

"அவனுங்க கெடக்குறானுங்க. விடியக்காலைல ஒரு தடவை தெங்கேராவுல ஓட்டிட்டு வந்துருங்க. யாரு பாக்கப்போறா? இப்பதான் நீலக் கார்டு வந்துருச்சே."

"அதனாலதாம்மா ஓட்டக் கூடாது," என்றார். "முன்னாடி அவங்க கவர்மெண்டு. இப்ப நம்ம கவர்மெண்டுல்ல சொல்லுது."

எஞ்சினை ஒரு தெங்கேராக்காரரின் படகுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து எடுத்துக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்து முற்றம் ஈரமாக இருந்தது, புழுதி கிளம்பாது. அவர் தேயிலைப் பெட்டியைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வா, ஏறு. வேலிக்குள்ள நம்ம இஷ்டம்னுதான போலீஸ்காரரு சொன்னாரு."

நான் கிட்டே போனேன். என் தலையைப் பார்த்தார்.

"மொதல்ல அந்தப் பூவை எடு."

மற்ற நாளாக இருந்தால், கட்டின புருஷன் வாயால் சொல்கிற பேச்சா இது என்று ஒரு பாட்டம் தீர்த்திருப்பேன். அன்று மறுபேச்சுப் பேசாமல் மல்லிகைச் சரத்தைக் கழற்றி வேலிக்கு மேலாக அக்காவிடம் கொடுத்தேன். எஞ்சின் கிளம்பியது. கோழிகள் மரத்தில் ஏறின. ரம்புத்தான் மரத்திலிருந்து வேலி வரைக்கும், வேலியிலிருந்து மரம் வரைக்கும், தரைக்கு ஒரு சாண் மேலே நாங்கள் இரண்டு பேரும் போய்ப் போய் வந்தோம். இறக்கிவிடுங்க என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாகத்தான் உட்கார்ந்தது.